கண்டமான காரின் எண்

சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் பழைய கார் தேடி வருகிறவர்கள் உண்மையில் இரண்டு பொருள்களைத் தேடுகிறார்கள். ஒன்று கார், மற்றொன்று அதன் ஆர்சி புக். இரண்டும் ஒரே கொட்டகையில் கிடைப்பது அபூர்வம். கார் இருக்கும், காகிதம் இருக்காது. அல்லது காகிதம் பீரோவில் பத்திரமாக இருக்கும், காரைப் பழைய இரும்புக்குப் போட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். எங்கோ கிடக்கிற காகிதத்தையும் வேறெங்கோ நிற்கிற உடலையும் ஒட்டவைத்து ஒரு முழுக் கார் ஆக்கிவிடலாம் என்ற ஆசையில்தான் சேஸிஸ் எண் மாற்றம் தொடங்குகிறது. இதைச் செய்கிறவர்களில் திருடரும் உண்டு, பழைய காரின் மேல் உயிரையே வைத்திருப்பவரும் உண்டு. சட்டத்தின் முன் இருவரும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்க நேர்கிறது என்பதால் இந்த விவகாரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் பழைய கார்கள் தங்கியதற்குக் காரணம் தெளிவு. 1920களில் தீப்பெட்டியில் தொடங்கி, அச்சகம், பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலை என்று தொழில் விரிந்தபோது அம்பாசிடரும் ஃபியட் 1100-ம் முதலாளி வீடுகளுக்கு வந்தன. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் வந்தது. கரிசல் காட்டு வறட்சி விவசாயிக்குத்தான் பகை, தகரத்துக்கு நட்பு. கடலோர ஊர்களில் பத்து வருஷத்தில் ஓட்டையாகிவிடும் தரைத்தகடு இங்கே நாற்பது வருஷம் தாங்கும்.

காகிதத்தின் கதை வேறு. 1985 மார்ச் 15 வரை இந்தப் பகுதி முழுக்க இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அன்று காமராஜர் மாவட்டம் பிறந்தது. அதுதான் பின்னர் விருதுநகர் மாவட்டமாகப் பெயர் மாறியது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் போய் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்றெழுத்துப் பழைய பதிவெண்கள் நின்று டிஎன் வரிசை தொடங்கியது. இன்று விருதுநகருக்கு டிஎன் 67, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிஎன் 84, சிவகாசிக்கு டிஎன் 95. ஒரு 1964 ஃபியட்டின் முதல் பதிவு எந்த அலுவலகத்துப் பேரேட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்த மாற்றங்கள் அத்தனையையும் பின்னோக்கிக் கடந்து போக வேண்டும். வாகன் கணினித் தளத்தில் ஏற்றப்படாத பழைய பதிவை 'பேக்லாக்' என்கிறார்கள். அதை ஏற்றுவதற்கே மூலப் பதிவேடு வேண்டும். நேர்மையாகப் போகிற வழி இவ்வளவு நீளமாக இருக்கும்போது, புரோக்கர் ஒருவர் 'அதே மாடல், அதே வருஷம், புக் மட்டும் இருக்கு' என்று குறுக்குவழி காட்டினால் சபலப்படுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

அந்தக் குறுக்குவழி எப்படி நடக்கிறது? கண்டமாகிவிட்ட, அதாவது இனி ஓடாது என்று ஒதுக்கிவிட்ட, ஒரு காரின் ஆர்சி புக்கை விலைக்கு வாங்குவார்கள். காகிதமில்லாத காரின் சேஸிஸில் உள்ள எண்ணை கிரைண்டரால் தேய்த்துவிட்டு, புக்கில் உள்ள எண்ணைப் பஞ்ச் அடிப்பார்கள். இன்னும் நுணுக்கமானவர்கள், செத்த காரிலிருந்து எண் உள்ள தகட்டையே சதுரமாக வெட்டி எடுத்து, உயிருள்ள காரில் பற்றவைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிடுவார்கள். எண் உண்மையான எண், எழுத்துருவும் ஆலையில் பொறித்த எழுத்துரு. கார்தான் வேறு. வெளிநாடுகளிலும் பெருந்தொகைக்கு விற்கும் பழைய கார்களில் நடப்பது இந்த இரண்டாம் வகைதான்.

பழைய கார்களில் இது எளிதாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. இன்றைய 17 இலக்க வாகன அடையாள எண்ணுக்கு உலக அளவில் ஒரு தரம் உண்டு. அமெரிக்கா 1981 மாடல்களிலிருந்து அதைக் கட்டாயமாக்கியது. அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். எம்ஏ3 என்று தொடங்கினால் மாருதி, எம்ஏடி என்றால் டாட்டா, எம்பி1 என்றால் அசோக் லேலண்ட். பத்தாம் இலக்கம் வழக்கமாக ஆண்டைச் சொல்லும். இந்த எண்ணில் ஒரு பொய்யைச் சொருகினால் வேறொரு இலக்கம் காட்டிக்கொடுக்க வாய்ப்பு உண்டு. 1981-க்கு முந்தைய கார்களுக்கு இந்தக் காவல் இல்லை. ஒவ்வொரு ஆலையும் தன் போக்கில் ஐந்தோ ஆறோ எட்டோ இலக்கம் போட்டது. சில வண்டிகளில் அது அடிச்சட்டத்தில் பொறிக்கப்பட்டது, சிலவற்றில் ரிவிட் அடித்த தகட்டில் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜீப்பையே எடுத்துக்கொள்ளலாம். வில்லிஸ் தயாரித்ததில் எண், சேஸிஸ் பாரில் ரிவிட் அடித்த ஒரு தகடு. அதே ஜீப்பை ஃபோர்டு தயாரித்தபோது எண்ணைப் பாரிலேயே பொறித்தது. தகட்டைக் கழற்ற ஓர் உளியே போதும்.

ஜீப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராணுவப் பட்டறையில் என்ஜினும் அடிச்சட்டமும் வண்டிக்கு வண்டி மாறுவது அன்றாட வேலை. வண்டி ஓட வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு. அப்படி மாறி மாறி உழைத்த ஜீப்புகள்தான் பிறகு டிஸ்போசல் ஏலத்தில் வெளியே வந்தன. எனவே எண் பொருந்தாத ஒவ்வொரு ஜீப்பும் மோசடி ஜீப் ஆகிவிடாது. இன்னொரு பக்கம், பஞ்சாப், ஹரியானா எல்லையிலுள்ள மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் புதிதாகவே ஜீப் கட்டித் தருகிறார்கள். புதுத் தகரம், புது பார், ஏதோ ஒரு பழைய ஏலக் காகிதம் என்று சேர்ந்தால் அதை 1940களின் வண்டி என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

இனி சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்த விவகாரத்தின் மையம் 55-ஆம் பிரிவு. அதன் முதல் உட்பிரிவு, வண்டி அழிந்துவிட்டாலோ இனி ஓடவே முடியாத நிலைக்குப் போய்விட்டாலோ உரிமையாளர் 14 நாளுக்குள், அல்லது முடிந்த விரைவில், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஐந்தாம் உட்பிரிவு, வண்டியில் பொறித்த என்ஜின் எண்ணோ சேஸிஸ் எண்ணோ பதிவுச் சான்றிலுள்ள எண்ணிலிருந்து வேறுபட்டால், உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்டபின் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறது. பொய்யான ஆவணத்தால் பெற்ற பதிவுக்கும் அதே கதிதான். முதல் உட்பிரிவு மீறப்படுவதால்தான் ஐந்தாவதற்கு வேலை வருகிறது. பீரோவில் தூங்கும் செத்த காரின் ஆர்சிதான் இந்த வியாபாரம் முழுவதற்கும் மூலப்பொருள். அதை நினைவுக்காக வைத்திருக்கிறவர் ஒப்படைக்கும் கடமையில் தவறியவர்தான், மோசடிக்காரர் அல்ல. விலைக்குக் கொடுக்கிறவர் எதற்கு விலை வாங்குகிறோம் என்று தெரிந்தேதான் வாங்குகிறார்.

52-ஆம் பிரிவு மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது. என்ஜினை மாற்ற முன் அனுமதி வேண்டும், மாற்றம் நடந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கேரளத்திலிருந்து போன கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத வகையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பழைய அம்பாசிடர்களில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜின் வைத்தது எத்தனையோ ஊர்களில் நடந்த வழக்கம். அதை அப்போதே ஆர்சியில் ஏற்றியவர்களுக்கு இன்று தொல்லை இல்லை. ஏற்றாதவர்களின் பேரன்மார் இன்று அலுவலகப் படியேறுகிறார்கள்.

எண்ணைத் தேய்த்து வேறு எண் அடிப்பது மோட்டார் வாகனச் சட்டத்தோடு நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக்கு 318, போலி ஆவணத்துக்கு 336, திருட்டுப் பொருளைத் தெரிந்து வைத்திருப்பதற்கு 317, சொத்துக் குறியைச் சிதைப்பதற்கும் போலியாக்குவதற்கும் 346, 347 என்று பிரிவுகள் இருக்கின்றன. அந்தத் தேதிக்கு முன் அடித்த எண்ணுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் பொருந்தும். 317-இல் உள்ள ஒரு நுட்பத்தைப் பழைய கார் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, அப்படி நம்பக் காரணம் இருந்தாலே போதும். சந்தை விலையில் பாதிக்குக் கொடுத்ததும், எண்ணைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ட் இருந்ததும் அந்தக் காரணமாக வாதிடப்படும்.

பணம் கொடுத்தவரின் நிலைமைதான் மிகவும் பரிதாபம். 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்கிறது. திருட்டுக் காருக்கு வேறு எண் அடித்து மூன்று கை மாறியிருந்தாலும் கார் உண்மையான உரிமையாளருக்கே போகும். நல்லெண்ணத்தோடு வாங்கி, வருஷக்கணக்கில் உழைத்து, லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்தவருக்கு விற்றவர்மேல் வழக்குப் போடும் உரிமைதான் மிச்சம். காப்பீட்டிலும் இதே பள்ளம். பாலிசியிலுள்ள சேஸிஸ் எண் ஒன்று, விபத்தில் நொறுங்கிய வண்டியின் எண் வேறொன்று என்றால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு நல்ல வாய்ப்புக் கிடைத்துவிடுகிறது.

எண்ணைத் தேய்த்துவிட்டால் சாட்சி போய்விட்டது என்று பட்டறையில் நம்புகிறார்கள். இரும்பு அப்படி எளிதில் மறப்பதில்லை. பஞ்ச் விழும்போது எழுத்தின் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகத்தின் அமைப்பு நசுங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் ஆழம்வரை தேய்த்தாலும் அந்த நசுங்கல் அடியில் நிற்கும். மேற்பரப்பை மெருகேற்றி, தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால் நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வேறு வேறு வேகத்தில் அரிபடும். பழைய எண் மங்கலாக எழுந்து வரும். அலுமினிய என்ஜினுக்கு வேறு கரைசல். நசுங்கல் முழுவதும் போகும் அளவுக்கு ஆழமாகக் கடைந்திருந்தாலோ, மேலே பற்றவைத்து உருக்கியிருந்தாலோ எண் திரும்பாது. ஆனால் கடைந்ததும் பற்றவைத்ததும் தாமே சாட்சியாக நிற்கும்.

இதுவரை சொன்னது மோசடிக்காரருக்கு. நேர்மையாகப் பழைய காரை மீட்பவருக்கும் சட்டம் சில சமயம் இதே முகத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒருவர் 2016-இல் வேறு மாநிலத்து வியாபாரியிடம் 1959 கார்வெட் ஒன்றை வாங்கினார். பதிவுக்குக் கொண்டுபோனபோது, எண் தகட்டின் ரிவிட்கள் ஆலையில் அடித்தவை அல்ல என்று காவல்துறை காரைப் பறிமுதல் செய்தது. முன்பு யாரோ புதுப்பித்தபோது தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருந்தார்கள். அதே கார், அதே தகடு. திருட்டும் இல்லை, வேறு எண்ணும் இல்லை. ஆனாலும் அன்றைய மாநிலச் சட்டப்படி அது அழிக்கப்பட வேண்டிய கார். பல ஆண்டு வழக்குக்கு நடுவே 2022-இல் சட்டமன்றம் சட்டத்தையே திருத்தியது, கார் பிழைத்தது. புதுப்பிக்கும் வேலைக்காகத் தகட்டைக் கழற்றுவதும் ஏமாற்றுவதற்காகக் கழற்றுவதும் ஒன்றல்ல என்று சொல்ல ஒரு மாநிலத்துக்குச் சட்டத் திருத்தமே தேவைப்பட்டது.

பிரிட்டனில் கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி 'ஓல்டு நம்பர் ஒன்' பிறகு பலமுறை உடைத்துக் கட்டப்பட்டது. சட்டகம், என்ஜின், உடல் என்று ஒவ்வொன்றாக மாறியது. அதை ஒரு கோடி பவுண்டு மதிப்பில் விற்க ஒப்பந்தம் ஆனபோது, வாங்குபவர் 'இதில் பழைய கார் எங்கே இருக்கிறது' என்று கேட்டு விலக, வழக்கு 1990-இல் நீதிபதி ஆட்டன் முன் வந்தது. ஒரு கட்டத்திலும் அறுபடாமல் அதே காராகவே வாழ்ந்து, அதே காராகவே அறியப்பட்டு வந்ததால் இதுதான் ஓல்டு நம்பர் ஒன் என்று அவர் தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறினாலும் வரலாறு அறுபடவில்லை என்பதே அவருடைய அளவுகோல். அந்நாட்டு ஓட்டுநர், வாகன உரிம முகமை நீண்ட காலம் நடைமுறையில் வைத்திருந்த முறை இன்னும் கறாரானது. சட்டகத்துக்கு 5 புள்ளி, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர் அமைப்பு, ஸ்டீரிங் ஒவ்வொன்றுக்கும் 2, என்ஜினுக்கு 1. எட்டுப் புள்ளி தேறினால் பழைய எண் தங்கியது. தேறாவிட்டால் வயது தெரியாத வண்டி என்று க்யூ வரிசைப் பதிவெண் கொடுத்தார்கள். என்ஜினுக்கு ஒரே ஒரு புள்ளி என்பதைப் பார்க்க வேண்டும். என்ஜின் தேயும், மாறும். காரின் அடையாளம் அதன் எலும்பில் இருக்கிறது என்று அந்தச் சிறிய கணக்கு சொல்லிவிடுகிறது.

இந்த நியாயம் வெம்பக்கோட்டைக்காரர்களுக்குப் புரியாததல்ல. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் சங்கு வளையலும் சுடுமண் பொருளும் கிடைத்தபோது, ஒவ்வொன்றும் எந்தக் குழியில், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்பு தொலைந்தால் வளையல் அழகாகத்தான் இருக்கும், காலம் சொல்லாது. ஒரு குழியின் குறிப்பை இன்னொரு குழிப் பொருளோடு கட்டினால் இரண்டு குழியின் சாட்சியமும் கெடும். காரின் எண்ணை மாற்றும்போது நடப்பது அதுதான். செத்த காரின் வரலாறு ஒரு பொய்யில் முடிகிறது. உயிரோடு இருக்கும் காரின் சொந்த வரலாறு, அது எந்த ஆண்டு எந்த ஆலையில் பிறந்து எந்த வீட்டில் ஓடியது என்பது, கிரைண்டர் தூளோடு போய்விடுகிறது. மோட்டார் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களே இதைச் செய்வது எனக்குப் பெரும் வருத்தம்.

இந்தியாவில் 2021 ஜூலை 15 அன்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் 81ஜி வரை சேர்க்கப்பட்ட விண்டேஜ் விதிகள் ஒரு நல்ல தொடக்கம். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல உருவில் பேணப்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அவை பொருந்தும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு விஏ என்ற எழுத்துகளோடு தனி வரிசை. பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. வண்டி உண்மையில் விண்டேஜ்தானா என்று பார்க்க மாநில அளவில் ஒரு குழு. கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள், பராமரிப்பு தவிரச் சாலையில் ஓட்டக் கூடாது. இந்த விதிகளின் வரையறையில் ஒரு கண்டிப்பான சொற்றொடர் இருக்கிறது. சேஸிஸிலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டி இதில் சேராது. ஜீப்பில் அடிச்சட்டமும் உடலும் தனித்தனி என்பதால் தகரத்தை மாற்றினாலும் எண் உள்ள பார் நிற்கும். சட்டகம் இல்லாமல் உடலே சேஸிஸாக நிற்கும் அம்பாசிடர் போன்ற கார்களில், துருப்பிடித்த தரையை வெட்டிப் புதுத்தகடு பற்றவைப்பது பழுதுபார்ப்பா, சேஸிஸ் மாற்றமா? எண் பொறித்த இடமே துருவில் கரைந்துபோனால் என்ன செய்வது? இந்த இடத்தில் விதி இன்னும் விரிவாகப் பேச வேண்டும்.

வெளிநாட்டுக் கார்களில் எண்ணை மாற்றாமலே எண் சொல்லும் உண்மையை மாற்றுவது நடக்கிறது. தமிழ்நாட்டில் பலரும் அறிந்தது, அரசியல் வட்டாரத்தில் அறியப்பட்டிருந்த எம். நடராஜன் மீதான லெக்சஸ் கார் வழக்கு. 1994-இல் இறக்குமதியான புதுக் காரை 1993 மாடல் பழைய கார் என்று காட்டி, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வரி இழப்பு ஏற்படுத்தியதாக சிபிஐ வழக்குத் தொடர்ந்தது. 2010-இல் சிறப்பு நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரே ஒரு வருஷ வித்தியாசம்தான். 2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் சுங்கத் துறை நடத்திய 'ஆபரேஷன் நும்கோர்' சோதனையில் 36 வண்டிகள் பிடிபட்டன. பூட்டானிலிருந்து கடத்தி வந்து, ராணுவம், தூதரகங்கள் பெயரில் போலிக் காகிதம் செய்து, வெளிமாநில அலுவலகங்களில் பதிவு வாங்கியவை என்பது துறையின் குற்றச்சாட்டு. பழைய லேண்ட் ரோவர், லேண்ட் க்ரூசர் மேல் இன்று உள்ள மோகம்தான் அதன் பின்னணி. காரை விரும்பி வாங்கியவர்கள், தங்களுக்கு முந்தைய காகிதங்களுக்கும் பதில் சொல்ல நீதிமன்றம் போனார்கள்.

ஆகவே வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பெயின்ட்டையும் க்ரோமையும் அல்ல. எண் உள்ள இடத்தில் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படிவு எடுக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் கேட்பதும் அந்தப் பென்சில் பிரிண்டைத்தான். அதே ஆலையின், அதே ஆண்டின் வேறொரு காரோடு எழுத்துருவையும் இடைவெளியையும் ஒப்பிடலாம். தகட்டின் பின்பக்கம் பற்றவைப்புத் தடம் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் அது திருடப்பட்ட வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும். பழைய புல்லட் வாங்குகிறவர், அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒன்றாகவே இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. காகிதமில்லாத, ஆனால் உடல் மூலமான காருக்கு ஒரு திறந்த வழி வேண்டும். உரிமையாளர் பிரமாணப் பத்திரமும், திருட்டு வழக்கு இல்லை என்ற காவல்துறைச் சான்றும், தடய அறிவியல் ஆய்வும் கொடுத்தால், அந்தக் காரின் சொந்த எண்ணிலேயே பதிவு தர வேண்டும். எண் அழிந்திருந்தால் பதிவு அலுவலகமே தன் முத்திரையோடு புது எண் பொறித்து, 'இது மறுபொறிப்பு' என்று பதிவேட்டில் வெளிப்படையாக எழுத வேண்டும். மறுபொறிப்பு என்று எழுதிய காருக்கு விலை குறையும், குறையட்டும். 2021-இல் வந்த வாகன உடைப்பு விதிகள், உடைக்கும் வண்டியின் சேஸிஸ் எண் துண்டை வெட்டிப் பாதுகாக்கச் சொல்கின்றன. அந்தக் கண்டிப்பு பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களோடு நிற்கிறது. வண்டிகள் பெருவாரியாகப் போவது பழைய இரும்புக் கடைக்கு. அங்கேயும் எண் துண்டும் ஆர்சியும் ஒன்றாக அலுவலகத்துக்குத் திரும்பும் ஏற்பாடு வந்தால், விற்பதற்கு ஆர்சி இருக்காது, ஒட்டுவதற்குத் தகடும் இருக்காது. அதுவரை, காரைக் கண்டம் போட்ட வீட்டில் ஆர்சி புக் மிச்சம் இருந்தால் அதைச் சிவகாசியிலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உரிய பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்து, ரத்து செய்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கெடு கடந்துவிட்டாலும் ஒப்படைப்பதே நல்லது. நினைவுக்கு ஒரு நகலை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளத் தடையில்லை.